கணகணபுரியின் புழக்கடைக் கூவிகள்

எந்த வரைபடத்திலும் கிடையாது. ஆனாலும் அங்கே போக யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. அப்படி ஒரு நாடு, கணகணபுரி. அதை ஆண்டவர் பேரொலிப் பெருமான். தன் குடிமக்களில் ஒருவருக்குக்கூட ஒரு செய்தியும் தெரியாமல் போய்விடக் கூடாது என்பது அவருடைய பெருங்கவலை. குடிமக்களுக்குச் சோறு கிடைக்காமல் போவது, வேலை கிடைக்காமல் போவது போன்ற சிறுகவலைகளை அவர் தம்பிமார்களிடம் விட்டிருந்தார்.

அந்த நாட்டில் ஒரு நடைமுறை இருந்தது. நீங்கள் ஒரு கடையில் ஆயுளில் ஒரே ஒரு தடவை ஒரு பிடி கொத்தமல்லி வாங்கினால் போதும். பொருளைக் கையில் கொடுக்குமுன் கடைக்காரர் மிகப் பணிவாகக் கேட்பார்: “எங்கள் ஆள் ஒருவன் உங்கள் புழக்கடையில் நிற்கலாமா?” முடியாது என்றால் கொத்தமல்லி வந்த வழியே உள்ளே போய்விடும். சரி என்று தலையசைத்தால், நீங்கள் வீடு போய்ச் சேருமுன் ஒருவன் உங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து பாய் விரித்திருப்பான். அரசாங்க ஏட்டில் அவனுக்கு நல்லறிவிப்பாளன் என்று பெயர். சனங்கள் கூவி என்றார்கள்.

கூவிகளின் வேலை கூவுவது. “அம்மா, நீங்கள் மூன்று நாளாக எங்கள் கடைக்கு வரவில்லை, உங்களை நினைத்து ஏங்கிப்போனோம்!” என்று எண்ணெய்க் கடைக் கூவி உருகுவான். “உங்கள் சித்தப்பாவின் சம்பந்தி இப்போதுதான் மாம்பழம் தின்றார்!” என்று ஊர்க்கதைக் கூவி மணியடிப்பான். ஒருத்தி வீட்டில் “உங்கள் தோட்டத்தில் கத்திரிக்காய் பழுத்துவிட்டது!” என்று ஒருவன் நாளெல்லாம் அலறினான். அவளுக்குத் தோட்டமே இல்லை. பொழுதுபோகாமல் ஒருநாள் சோழி உருட்டி விளையாடியபோது ஆட்டத்துக்குள் ஜெயித்த பொய்த் தோட்டம் அது. அகல்விளக்கு விற்றவனின் கூவி வந்ததும் வராததுமாக வீட்டுக்கு வந்து போகும் உறவுக்காரர்களின் பெயரையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டான். விளக்கு எரிய மாமன் மச்சான் பெயர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் விளக்கைப் பிடுங்கிக்கொள்வானோ என்ற பயம்தான்.

கூவிகளுக்குக் கூலி கிடையாது. அதனால் வீட்டுக்காரர் பானையில்தான் சாப்பாடு. விடியலில் தளும்பத் தளும்ப வடித்த சோறு உச்சிப்பொழுதுக்குள் பானையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இவர்கள் எல்லோருக்கும் மேலே, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அரண்மனைக் கூவி. அவனை யாரும் அழைக்கவில்லை. வீடு கட்டும்போதே சுவருக்குள் ஒரு மாடம் வைத்து, அதில் அவனை உட்கார்த்தி வைத்துத்தான் மேல்பூச்சுப் பூசுவார்கள். அவனை வெளியேற்ற வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். சுவர் வீட்டுக்காரருடையது, இடிக்கும் உரிமை அரண்மனையுடையது.

அந்த நாட்டு மாட்டுச் சந்தையில் பவளாத்தாள் என்றொரு தரகுக்காரி இருந்தாள். சந்தையில் யாரும் வாயால் விலை பேசுவதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து, அழுத்தி, தடவி, பேச்சு உள்ளேயே நடக்கும். விலைக்கு மட்டுமல்ல, பல்லுக்கு, சுழிக்கு, நொண்டிக்கு, நாளைக்கு, வேண்டாமுக்கு, எல்லாவற்றுக்கும் விரலில் சொல் உண்டு. சுண்டுவிரலை மடித்தால் பேரம் முடிந்தது. அதற்குப் பின் மாடு செத்தாலும் பேச்சு மாறாது. பவளாத்தாள் வாய் திறக்காமலே ஒரு ஜோடிக் காளையைக் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாற்றிவிடுவாள். எதிராளிக்கு இந்தப் பொருள் எவ்வளவு அவசரம் என்பது அவன் விரல் நுனி வியர்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் சந்தையில் மிரண்ட கிடாரி ஒன்று அவள் கணவன் நாச்சிமுத்தை எட்டி உதைத்தது. கட்டுத்தறிக் கல்லில் தலை மோதி விழுந்தான். வைத்தியர் செங்கோடனார் வந்து பார்த்தார்.

“தலைக்குள்ள கலங்கிக் கெடக்குது அம்மிணி. இதுக்கு வேரு, பட்டை, தைலம் ஒண்ணும் எங்கிட்ட இல்ல. தூக்கம்தான் மருந்து. யாரும் எழுப்பாம ஒரு வாரம் நல்லாத் தூங்குனா ஆளு எந்திரிச்சு உக்காந்துக்குவான். தூங்கலீன்னா...”

அவர் முடிப்பதற்குள், “வைத்தியரே, போன வருஷம் இதே நாள் நீங்கள் ஒரு பூசணிக்காய் வாங்கினீர்கள்! நினைவிருக்கிறதா?” என்று அவர் பின்னாலேயே வந்திருந்த காய்கறிக் கூவி மணியை அடித்தான். கட்டிலில் நாச்சிமுத்து தூக்கிவாரிப்போட்டுக் கண்ணைத் திறந்தான். மீதியை வைத்தியர் சொல்லத் தேவை இருக்கவில்லை.

பவளாத்தாள் நேரே புழக்கடைக்குப் போனாள்.

“ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. உள்ள மனுசன் சாகக் கெடக்கறாரு. மூட்டை முடிச்சைத் தூக்கிட்டு அவங்கவங்க கடைக்கே போயிருங்க.”

விளக்குக் கடைக் கூவி எழுந்து கும்பிட்டான். “உங்க வருத்தம் எங்க வருத்தம்ங்க அம்மிணி. ‘இப்ப வேண்டாம்’னு சொல்லுங்க, கேட்டுக்கறோம். ‘அப்பறம்’னு சொல்லுங்க, அதையும் கேட்டுக்கறோம். ‘எப்பவுமே வேண்டாம்’கற பதில எங்களுக்குச் சொல்லிக் குடுக்கலீங்களே.”

“நான் சொல்லிக் குடுக்கறேன். எப்பவுமே வேண்டாம்.”

“அப்ப, அப்பறம் வர்றோமுங்க” என்று சொல்லிவிட்டு அவன் அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் அவள் அரண்மனைக்குப் போனாள். செவிநலத்துறை அமைச்சர் நாவினியனார் அவள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். அவருக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

“தாயே, தங்கள் துயரம் இந்த அரசின் கண்ணைத் திறந்துவிட்டது. ஒரு குடிமகளின் அனுமதியின்றி அவள் செவிக்குள் ஓர் ஓசையும் நுழையலாகாது. இன்றே சட்டம் இயற்றுகிறோம்.”

“ரொம்ப சந்தோசமுங்க. ஆனா என்ன சட்டம்னு கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க. எங்க சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்காம மாடு புடிக்க மாட்டோம்.”

“அரசின் சட்டத்தைப் பல் பிடித்துப் பார்க்கலாகாது, தாயே. அது இராஜ துரோகம்” என்று அமைச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சட்டம் வந்தது. இனி எந்தக் கூவியும் கூவுமுன் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கேட்பது தனி வேலை என்பதால் ஒவ்வொரு கூவிக்கும் ஒரு முன்கூவி நியமிக்கப்பட்டான். அவன் வந்து, “எண்ணெய்க் கடைக் கூவி ஒரு செய்தி கூவ விரும்புகிறார், கூவலாமா?” என்று கூவுவான். புழக்கடையில் தலை இரட்டிப்பானது. சோற்றுப்பானை காலைப்பொழுதிலேயே காலியானது.

பவளாத்தாள் மறுபடி போனாள். முக்கியமான செய்தியை மட்டுமே கூவலாம், முக்கியக் கூவிகள் அடையாளத்துக்குச் சிவப்புத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று அடுத்த சட்டம் வந்தது. எது முக்கியம் என்று முடிவு செய்யும் பொறுப்பைக் கூவிகள் சங்கத்திடமே பெருமான் பெருந்தன்மையோடு ஒப்படைத்தார். மறுநாள் விடிந்தபோது நாடு முழுக்கப் புழக்கடைகள் மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி சிவந்து கிடந்தன.

மூன்றாவது முறை அவள் போனபோது அமைச்சருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். “ஓசைதானே தங்களுக்கு இடைஞ்சல்? இனி ஓசையே இருக்காது, போய் வாருங்கள்.”

ஓசை நின்றது உண்மைதான். ஒலியடக்கச் சட்டப்படி கூவிகள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்கள். ஆளுக்கொரு கட்டில் காலைப் பிடித்தார்கள். உலுக்கினார்கள். கண்ணை விழித்தால் காதருகே வந்து செய்தியை ரகசியமாகச் சொன்னார்கள். நாச்சிமுத்து கண்ணை மூடுவான். கட்டில் தடதடவென்று ஆடும். கண்ணைத் திறப்பான், “எள்ளெண்ணெய் புதுச் செக்கு வந்திருக்கிறது” என்று காதில் மூச்சு விடுவார்கள். மறுபடி மூடுவான். மறுபடி ஆடும்.

நாலைந்து நாளில் அவனுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போயிற்று. கண்கள் குழிக்குள் இறங்கின. பவளாத்தாள் நெற்றியைத் தொட்டபோது, வெறித்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அன்பான வாடிக்கையாளரே, ஒரு வாய் தண்ணி குடுங்க.”

அவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு புழக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூவிகள் வட்டமாக உட்கார்ந்து அவள் வடித்த சோற்றை அவள் ஊற்றிவைத்த மோரில் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டான்.

அந்த ஊறுகாய்தான் அவளுக்குள் எதையோ தட்டிவிட்டது. இவ்வளவு நாள் அமைச்சரிடம் பேரம் பேசியது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. சரக்கு யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தானே பேச வேண்டும்? இவர்களுக்குச் சோறு போடுவது அரண்மனையா?

சந்தைக்குப் போனாள். மாட்டு வியாபாரி குப்பணன் வெற்றிலையை மென்றுகொண்டு, “என்ன அம்மிணி, அரமனைக்கே சம்பந்தியாயிட்டியாமா? ஒரு வாரத்துல மூணு சட்டம் பெத்துட்டே!” என்று சீண்டினான். பக்கத்திலேயே அவன் கூவிகள் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் வருவதெல்லாம் அரண்மனைக்குப் போகும். அவள் துண்டை எடுத்து உதறினாள். குப்பணன் கையை உள்ளே விட்டான்.

அடுப்பு. நாளை. வேண்டாம்.

குப்பணன் வெற்றிலை மெல்வதை நிறுத்தினான். அவன் விரல் கேட்டது: எத்தனை வீடு? அவள் விரல் சொன்னது: எல்லாம். சற்று யோசித்துவிட்டு அவன் சுண்டுவிரலை மடித்தான். அன்று சந்தையில் வழக்கத்தைவிட அதிகமாகத் துண்டுகள் விரிந்தன. மாடு மட்டும் ஒன்றும் கைமாறவில்லை. வீடுகளில் பெண்கள் முந்தானைக்குள் கையைக் கோத்துக்கொண்டார்கள். கூவிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். காதுக்கு ஒன்றும் எட்டாததால் அவர்களுக்கு ஒன்றும் நடப்பதாகவே தோன்றவில்லை.

மறுநாள் கணகணபுரியில் ஒரு வீட்டிலும் புகை எழவில்லை. சனங்கள் மடியில் பொரியும் கடலையும் கட்டிக்கொண்டு, நடக்கிறபோதே வாயில் போட்டுக்கொண்டார்கள். கூவிகள் காலையில் பானையைத் திறந்து பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள், பொழுது சாய்வதற்குள் குரல் கம்மிவிட்டது. அதற்கு மறுநாள் சிவப்புத் தலைப்பாகைகள் ஒவ்வொன்றாகத் தெருவில் இறங்கிப் போயின. விளக்குக் கடைக் கூவி மட்டும் வாசலில் நின்று, “அம்மிணி, அப்பறம் வரட்டுங்களா?” என்றான்.

“வாங்கோ. பட்டினி கெடக்க ஆசை இருந்தா தாராளமா வாங்கோ.”

மாடத்திலிருந்த அரண்மனைக் கூவிதான் பாக்கி. “பெருமான் நலமாக இருக்கிறார்! பெருமான் நலமாக...” என்று முனகிக்கொண்டே இருந்தான். அவள் ஒரு கோணிச் சாக்கை எடுத்து மாடத்தின்மேல் மாட்டினாள். முனகலும் நின்றது.

அப்புறம் வந்ததுதான் அமைதி. சிலருக்குப் பயமாகக்கூட இருந்தது. பக்கத்து வீட்டில் அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டது. குருவிகள் இருந்தன என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நாச்சிமுத்து தூங்கினான். குறட்டை விட்டுத் தூங்கினான். அந்தக் குறட்டையைப் பவளாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தவன், “பவளம், ஏன் இப்படி எளைச்சுக் கெடக்கறே?” என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “மாமா, பேசாமப் படுங்க. இன்னும் பாதி வாரம் பாக்கி இருக்குது” என்று அதட்டினாள்.

அரண்மனைக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை தேர்தல். பெருமான் இன்னும் ஐந்தாண்டு ஆளச் சம்மதம் என்றால் குடிமக்கள் சுண்டுவிரலை மடிக்க வேண்டும். சம்மதமில்லையென்றால் நீட்டி வைத்திருக்க வேண்டும். அந்த வழக்கத்தையும் அரசாங்கம் சந்தையிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. இதுவரை ஒவ்வொரு தேர்தலுக்கும் கூவிகள் ஒரு வாரம் முன்னாலிருந்தே கூவக் கூவ, சனங்கள் விட்டால் போதுமென்று விரலை மடித்துவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை கூவ ஆளில்லை.

நாவினியனார் தாமே சந்தைத் திடலுக்கு வந்தார். கூடவே வண்டி வண்டியாகத் துண்டுகள்.

“குடிமக்களே! கூவிகளின் தொல்லையைப் பெருமான் இன்றோடு ஒழித்தார். ஆம், ஒழித்தவர் அவரே. இந்த அமைதி அவர் தந்த அமைதி. அதன் நினைவாக ஆளுக்கொரு பூந்துண்டு. இலவசம்!”

கணகணபுரியின் வியாபாரிகள் எமனிடமே பேரம் பேசுகிறவர்கள். ஆனால் இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவர்களுக்குப் பேச நாக்கு எழாது. விலை இருந்தால்தானே குறைத்துக் கேட்பதற்கு? முண்டியடித்து வாங்கினார்கள். பவளாத்தாள் மட்டும் ஒதுங்கி நின்றாள்.

“என்ன தாயே, அரசின் மீது இன்னும் கோபமா? தங்கள் கணவருக்குப் போர்த்துங்கள். குழந்தையின் கன்னம் போல இருக்கும்” என்று அமைச்சர் துண்டை நீட்டினார்.

அவள் வாங்கி விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். நெசவைப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சரக்கை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தாள். சரக்குக்குள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க எந்த வியாபாரிக்குத் தோன்றும்? இரண்டாக வாங்கிக்கொண்டாள். ஒன்றை நாச்சிமுத்துக்குப் போர்த்தினாள். ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வியாழக்கிழமைச் சந்தைக்குப் போனாள்.

குப்பணன் ஒரு மயிலைக் காளையோடு நின்றான். துண்டை விரித்தார்கள். பாதிப் பேச்சில் பவளாத்தாள் முகம் சுருங்கியது.

“குப்பண்ணா, வெளையாடாதீங்க. அந்த ரெண்டாவது கைய வெளிய எடுங்க.”

“ரெண்டாவது கையில கயித்தப் புடிச்சிட்டு நிக்கறேனே, தெரியல? உன்னோட கைதான் என் மணிக்கட்டத் தடவிக்கிட்டே இருக்குது. வயசான காலத்துல எனக்கு ஒருமாதிரியா இருக்குது அம்மிணி.”

அவளுடைய மற்றொரு கை இடுப்பில் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு துண்டைப் பார்த்தார்கள். அவள் உள்ளே இருந்ததை இறுகப் பற்றி வெளியே இழுத்தாள்.

கை. வேலை செய்தறியாத மெத்தென்ற கை. விரலில் அரண்மனை முத்திரை மோதிரம். மணிக்கட்டுக்கு மேலே துண்டின் கரைக்குள் போய் மறைந்திருந்தது. வெயிலைக் கண்டும் அது கூசவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக, பணிவாக, தடவிப் படித்துக்கொண்டே இருந்தது.

“இங்க வந்து பாருங்கடா! நாம பேசறதெல்லாம் ஒருத்தன் உள்ள இருந்து தடவிப் பாத்துக்கிட்டிருக்கான்!” என்று பவளாத்தாள் கத்தினாள்.

கூட்டம் கூடியது. எல்லோரும் தங்கள் துண்டை உதறிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கை இருந்தது. பிறகு ஒரு வியாபாரி தன் துண்டைப் பதமாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“துண்டு நல்ல துண்டும்மா. கை அது பாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்குது. கத்தறானா, சோறு கேக்கறானா?”

“நாம என்ன திருட்டு மாடா விக்கறோம், மறைக்கறதுக்கு?” என்றார் இன்னொருவர்.

“தூ!” என்றாள் பவளாத்தாள். “பொறக்கடையில நின்னு கத்துனவன் எவ்வளவோ யோக்கியன்டா! அவன் மூஞ்சியாச்சும் தெரிஞ்சுது. இவன் உங்க கையவே புடிச்சிக்கிட்டு உங்க வெலையப் பேசறான், நீங்க நூலு நயமா இருக்குதுங்கறீங்க. மாட்டுக்கு மூக்கணாங்கவுறு போடறப்ப அதாச்சும் ஒருதடவ முட்டும்!”

குப்பணன் மெல்லக் கேட்டான். “அம்மிணி, வீட்டுல மச்சானுக்கும் இதத்தானே போத்தியிருக்கறே?”

அவள் ஓடினாள்.

நாச்சிமுத்து மல்லாந்து படுத்திருந்தான். கண்கள் மறுபடி சிவந்திருந்தன. துண்டு கழுத்துவரை இருந்தது. அதற்கடியில் அவன் வலது கைப்பக்கம் ஏதோ அசைந்து அடங்கியது.

“மாமா, தூங்கலீங்களா?”

“எங்க தூங்க உட்டாங்க? கண்ண மூடுனா வெரலப் புடிச்சு இழுத்து ஏதோ கேட்டுக்கிட்டே இருந்துது. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டுது. ஒண்ணும் வெளங்கல. சரின்னு சொன்னாத் தூங்க உட்டுடறேன்னுது, பவளம். சரின்னுட்டேன்.”

“எப்படிச் சொன்னீங்க?”

“நீ சந்தையில சொல்லுவியே, அப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டே அவன் கண்ணை மூடினான். மூடிய உடனே தூங்கிப்போனான். வாக்குக் கொடுத்தபடி யாரும் அவனை எழுப்பவில்லை.

பவளாத்தாள் துண்டின் ஓரத்தைப் பிடித்தாள். இழுத்தால் விழித்துவிடுவான். இழுக்காவிட்டால் அது அவன் கையைப் பிடித்தபடியே கிடக்கும். அவள் அப்படியே நிற்கையில், துண்டுக்கடியிலிருந்து அந்தக் கை மெல்ல நழுவி வெளியே வந்தது. கட்டில் சட்டத்தை ஒருமுறை, லேசாக, தட்டிக் காட்டியது. கட்டில் ஆடவில்லை, ஆட்ட முடியும் என்று மட்டும் தெரிந்தது. பிறகு உள்ளங்கையை விரித்து அவளிடம் நீண்டது. காத்திருந்தது.

என்ன கேட்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. தனக்கு எது அவசரம் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்ட பேரத்தில் இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் நின்றாள். இத்தனை நாள் வடித்த சோறும், அமைச்சரின் சிரிப்பும், நயமான நூலும் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவள் ஐந்து விரலையும் இறுக மடக்கி, அந்த விரித்த உள்ளங்கையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

கை வலியில் சுருங்கவில்லை. குத்திய முஷ்டியை மெத்தென்று பொத்தி, தடவிப் பார்த்தது. வந்த வேலை முடிந்ததுபோல வணக்கமாகக் கரைக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை திடலில் யாரும் வந்து கூட வேண்டியிருக்கவில்லை, துண்டுக் கைகள் முன்பே வீடு வீடாக விரல்களைத் தடவி எண்ணிவிட்டிருந்தன. பேரொலிப் பெருமானுக்கு எதிராக நாட்டில் ஒரு விரல்கூட நீளவில்லை என்று நாவினியனார் அறிவித்தார். பவளாத்தாளின் முஷ்டியையும் சேர்த்துத்தான். அதிலும் சுண்டுவிரல் மடங்கித்தானே இருந்தது.